ஸ்காட்லாந்துக் காலாட்படை ரெஜிமென்ட்கள்: எண்ணிலும் பெயரிலும் இணைப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கினார்கள். அந்தப் படையில் 73ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஸ்காட்லாந்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் அதே ரெஜிமென்ட்டின் கேப்டன் டேவிட் பெயர்ட். 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தார். பிறகு 1799 மே 4 அன்று, அதே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கி உள்ளே நுழைந்த படைக்குத் தலைமை தாங்கியவரும் அதே பெயர்ட்தான். அன்று கோட்டைக்குள் புகுந்த ரெஜிமென்ட்களில் 73ஆம் ரெஜிமென்ட்டும் ஒன்று.

இதைப் படித்ததும் மனம் தானாகவே ஒரு கதையைக் கட்டிவிடுகிறது: தோற்றுச் சிறைப்பட்ட ரெஜிமென்ட் 19 ஆண்டு கழித்துத் திரும்பி வந்து பழி தீர்த்தது! நானும் ஒரு கட்டுரையில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். வெளியாகும் முன் நண்பர் ஒருவர் படித்துப் பார்த்து நிறுத்தினார். பெயர்ட் ஒரே ஆள்தான். ஆனால் அந்த இரண்டு 73உம் வேறு வேறு ரெஜிமென்ட்கள்.

ஸ்காட்லாந்துக் காலாட்படையைப் பற்றி எழுதுகிறவர்கள் விழும் பெரும்பாலான குழிகள் இப்படிப்பட்டவைதான். நம் ஊர்க் கல்லறைக் கல்வெட்டுகளிலும் இலங்கைப் பதிவேடுகளிலும் மலாயாப் போர்க்கதைகளிலும் இந்த ரெஜிமென்ட்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இந்தக் குழப்பம் நமக்கும் உரியதுதான்.

ஆண்டைக் கேட்காமல் எண்ணை நம்புவது

முதலில் அந்த 73ஐ அவிழ்த்துவிடலாம். புள்ளலூரில் இருந்தது 1777ல் மெக்லவுட் பிரபு திரட்டிய ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதி) ரெஜிமென்ட். 1781ல் பரங்கிப்பேட்டையில் போரிட்டதும் இதுதான். அப்போது அதன் எண் 73. அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்ததும் பல ரெஜிமென்ட்கள் கலைக்கப்பட்டு எண்கள் காலியாயின. 71ஆம் எண்ணில் இருந்த ஃப்ரேசர் ஹைலேண்டர்ஸும் அப்படிக் கலைந்ததுதான். 1786ல் மெக்லவுட் ரெஜிமென்ட் மேலே நகர்ந்து 71 ஆனது.

இப்போது காலியான 73 யாருக்குப் போனது? பிளாக் வாட்ச் என்று நாம் அறியும் 42ஆம் ரெஜிமென்ட்டுக்கு அப்போது இரண்டாவது பட்டாலியன் (களத்தில் சண்டை போடும் படை அலகு) ஒன்று இந்தியாவில் இருந்தது. 1783-84ல் மங்களூர்க் கோட்டைக்குள் முற்றுகைப்பட்டுக் கிடந்த பட்டாலியன் அது. அதைத் தனி ரெஜிமென்ட்டாக்கி 73 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் புகுந்ததும் 1814ல் இலங்கைக்குப் போய் அடுத்த ஆண்டு கண்டி வீழ்ந்தபோது அங்கே இருந்ததும் இந்த இரண்டாவது 73.

இதே மாதிரி இன்னொன்று: 1778ல் சீஃபோர்த் பிரபு திரட்டிய ரெஜிமென்ட்டின் எண் 78. அது 1786ல் 72 ஆனது. 1793ல் அந்தப் பிரபுவின் மெக்கென்சி குலத்தார் புதிதாக ஒரு ரெஜிமென்ட் திரட்டினார்கள். அதற்குக் கிடைத்த எண் 78. 1881ல் இந்த 72ஐயும் இந்த 78ஐயும் ஒன்றாக்கி சீஃபோர்த் ஹைலேண்டர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பழைய 78உம் புதிய 78உம் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆண்டு தெரியாமல் "78ஆம் ஹைலேண்டர்ஸ்" என்று எழுதினால் எந்த 78 என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே எண்ணைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அது எந்த ஆண்டின் எண் என்று கேட்பது. 1786க்கு முன்பா, பின்பா? 1881க்கு முன்பா, பின்பா? இந்த இரண்டு கேள்விகளிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1881ஐ வெறும் பெயர் மாற்றமாகப் படிப்பது

1881 ஜூலை 1 அன்று, போர்த்துறை அமைச்சர் சில்டர்ஸின் சீர்திருத்தத்தில், எண்கள் போய் வட்டாரப் பெயர்கள் வந்தன. ஒற்றை பட்டாலியன் ரெஜிமென்ட்களை இரண்டிரண்டாகக் கோத்தார்கள். 42உம் 73உம் சேர்ந்து பிளாக் வாட்ச். 71உம் 74உம் சேர்ந்து ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி. 75உம் 92உம் கார்டன் ஹைலேண்டர்ஸ். 91உம் 93உம் ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ். 26உம் 90உம் கேமரோனியன்ஸ். 79 மட்டும் ஜோடி இல்லாமல் கேமரூன் ஹைலேண்டர்ஸாக நின்றது. அதற்கு இரண்டாவது பட்டாலியன் கிடைத்தது 1897ல்தான். ராயல் ஸ்காட்ஸ் போன்ற பழைய ரெஜிமென்ட்களுக்கு ஏற்கெனவே இரண்டு பட்டாலியன் இருந்ததால் அவை யாரோடும் சேரவில்லை.

இது இன்று நாம் நினைக்கிற மாதிரியான இணைப்பு இல்லை. இரண்டு பட்டாலியன்களும் தனித்தனியாகவே இயங்கின. ஒன்று இந்தியாவிலோ வேறு காலனியிலோ இருக்கும், மற்றது தாய்நாட்டில் இருந்து ஆள் சேர்த்து அனுப்பும். பெயரும் தலைமையகமும்தான் பொது. நிஜமான இணைப்பு சத்தமில்லாமல் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 1948 வாக்கில் பெரும்பாலான ரெஜிமென்ட்களின் இரண்டாவது பட்டாலியன்கள் முதலாவதோடு சேர்க்கப்பட்டன. வரலாற்று வரைபடங்களில் இந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். ஆனால் 71இன் ஆட்களும் 74இன் ஆட்களும் ஒரே முகாமில் ஒரே பட்டாலியனாக ஆனது அப்போதுதான்.

"படைப்பிரிவு" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் எழுதுவது

தமிழில் ரெஜிமென்ட், பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் எல்லாவற்றுக்கும் "படைப்பிரிவு" என்றே எழுதிவிடுகிறோம். பிரிட்டிஷ் காலாட்படையைப் பொறுத்தவரை இது பெரிய தவறாக முடியும். ரெஜிமென்ட் என்பது ஒரு குடும்பம். பெயர், கொடி, போர்ச் சிறப்புகள், டார்டன் என்ற கட்டம்போட்ட துணி, ஆள் சேர்க்கும் வட்டாரம் எல்லாம் அதனுடையவை. களத்தில் போய்ச் சண்டை போடுவது பட்டாலியன். முதல் உலகப் போரில் ராயல் ஸ்காட்ஸ் என்ற ஒரே ரெஜிமென்ட் 35 பட்டாலியன்களைத் திரட்டியது. "1915ல் ராயல் ஸ்காட்ஸ் எங்கே இருந்தது?" என்ற கேள்விக்கு ஒற்றை விடையே கிடையாது.

பட்டாலியன் எண்ணை விட்டுவிட்டால் என்ன தொலைந்துபோகிறது என்பதற்கு ஒரு சான்று. 1915 மே 22 காலையில் ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில் என்ற இடத்தில் ரயில்கள் மோதித் தீப்பிடித்தன. துருக்கியின் கலிப்பொலிப் போர்முனைக்குப் புறப்பட்ட 200க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மாண்டார்கள். "ராயல் ஸ்காட்ஸ் வீரர்கள் இறந்தனர்" என்று எழுதினால் அது தவறில்லை, ஆனால் பாதி உண்மைதான். அது 7ஆவது பட்டாலியன். எடின்பரோவை ஒட்டிய லீத் என்ற துறைமுக ஊரில் திரட்டப்பட்டது. ஒரே ஊரின் பல தெருக்களுக்கு ஒரே நாளில் சாவுச் செய்தி போனது. அந்த "7" என்ற எண்ணில்தான் அந்த ஊரின் துக்கம் இருக்கிறது.

அதனால் ரெஜிமென்ட், பட்டாலியன் என்று ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து. தூய தமிழ்ச் சொல் இல்லையே என்று வருந்துவதைவிடப் பொருள் மாறாமல் இருப்பது முக்கியம்.

ஒலி ஒற்றுமையில் ஏமாறுவது

தமிழ் எழுத்தில் எழுதும்போது கேமரோனியன்ஸும் கேமரூன் ஹைலேண்டர்ஸும் அண்ணன் தம்பி போலத் தெரியும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கேமரூன் ஹைலேண்டர்ஸ் 1793ல் ஆலன் கேமரூன் என்ற ஹைலேண்ட் பிரமுகர் திரட்டியது. கேமரோனியன்ஸ் தெற்கே லோலேண்ட்ஸ் என்ற தாழ்நிலப் பகுதியில் பிறந்தது. அரசரின் மதக் கட்டளையை எதிர்த்து 1680ல் கொல்லப்பட்ட ரிச்சர்ட் கேமரூன் என்ற போதகரின் வழி வந்தவர்கள் 1689ல் டக்ளஸ் என்ற ஊரில் கூடி அமைத்த ரெஜிமென்ட் அது.

பெயரில் ஸ்காட்ஸ் என்று இருந்தாலே காலாட்படை என்றோ இணைப்பில் சேர்ந்துவிட்டது என்றோ நினைக்கவும் கூடாது. ஸ்காட்ஸ் கார்ட்ஸ் காலாட்படைதான், ஆனால் அரசரின் காவல் படைகளோடு சேர்ந்தது. மற்ற ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்களை ஒன்றாக்கிய 2006 இணைப்பு அதைத் தொடவே இல்லை. ராயல் ஸ்காட்ஸ் கிரேஸ் குதிரைப்படை. அப்புறம், பிளாக் வாட்ச் என்பதில் உள்ள "வாட்ச்" காவலைக் குறிப்பது. 1725ல் ஹைலேண்ட்ஸைக் கண்காணிக்க அமைத்த காவல் கம்பெனிகளே (சிறு படை அணிகளே) 1739ல் ரெஜிமென்ட் ஆயின. பெயர்களைத் தமிழாக்காமல் அப்படியே விடுவதே சரி.

எல்லா ஸ்காட்லாந்துச் சிப்பாய்க்கும் கில்ட் மாட்டிவிடுவது

கில்ட் என்பது இடுப்பைச் சுற்றிக் கட்டும் மடிப்புப் பாவாடை போன்ற உடை. ஓவியம் வரைகிறவர்களும் குறும்படம் எடுக்கிறவர்களும் அடிக்கடி செய்வது இது. லோலேண்ட் ரெஜிமென்ட்களில் கில்ட் கிடையாது, பிற்காலத்தில் டார்டன் துணியில் ட்ரூஸ் என்ற கால்சட்டை அணிந்தார்கள். ஹைலேண்ட் ரெஜிமென்ட்களிலும் எல்லோருக்கும் எப்போதும் கில்ட் இருக்கவில்லை. 1809ல் ஓர் உத்தரவில் 72, 73, 74, 75, 91, 94 ஆகிய ஆறு ரெஜிமென்ட்கள் ஹைலேண்ட் உடையை இழந்தன. ஹைலேண்ட்ஸில் ஆள் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து சேர்பவர்கள் அந்த உடையை விரும்பவில்லை என்பது காரணம். ஆகவே 1815ல் கண்டியில் நின்ற 73ஆம் ரெஜிமென்ட் சிப்பாய்க்குக் கில்ட் வரைந்தால் அது பிழை.

இந்தத் துணி விவகாரம் அற்பமானதில்லை. 1957 பாதுகாப்பு வெள்ளை அறிக்கைக்குப் பிறகு, 1959ல் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸையும் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியையும் சேர்த்து ராயல் ஹைலேண்ட் ஃபியூசிலியர்ஸ் ஆக்கியபோது, கில்ட்டா ட்ரூஸா என்பதே பெரிய சண்டையானது. முன்னது லோலேண்ட், பின்னது நீண்ட போராட்டத்துக்குப் பிறகு இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்தான் கில்ட்டைப் பெற்றிருந்தது. கடைசியில் முடிவானது ட்ரூஸ். கொஞ்ச ஆண்டுகளே உடுத்திய கில்ட்டைக் கழற்ற வேண்டி வந்த அந்த மனிதர்களின் வருத்தத்தை நான் சின்னதாக நினைக்க மாட்டேன்.

இணைப்பு, கலைப்பு, சுருக்கம் எல்லாவற்றையும் ஒன்றாக்குவது

இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். "காலப்போக்கில் எல்லா ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்களும் இணைக்கப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேமரோனியன்ஸ் இணையவில்லை. இன்னொரு ரெஜிமென்ட்டோடு சேர்கிறாயா, கலைகிறாயா என்று கேட்டபோது, கலைகிறேன் என்று சொல்லி 1968ல் கலைந்த ரெஜிமென்ட் அது.

மலைவெளியில் ஒளிந்து வழிபட்ட மக்களிடமிருந்து வந்ததால் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திறந்தவெளி வழிபாட்டுக்குத் துப்பாக்கியோடு போவார்கள். முதலில் சுற்றிலும் காவல் நிறுத்துவார்கள். எதிரி யாரும் கண்ணில் படவில்லை என்று அதிகாரி வந்து சொன்ன பிறகே போதகர் வழிபாட்டைத் தொடங்குவார். 1968 மே 14 அன்று, 279 ஆண்டுக்கு முன் தொடங்கிய அதே தேதியில், அதே டக்ளஸில், அதே முறைப்படி காவல் நிறுத்தி, வழிபட்டு, கொடியை இறக்கினார்கள். பகுதிநேரப் படையில் அந்தப் பெயர் கொஞ்ச காலம் இருந்தது. முழுநேர பட்டாலியன் அன்றோடு முடிந்தது. இதை "இணைக்கப்பட்டது" என்று எழுதுவது அவர்கள் எடுத்த முடிவையே அழிப்பதாகும்.

ஆர்கைல்ஸ் (ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ்) கதை வேறு. 1967ல் இன்றைய யேமனில் உள்ள ஏடனில் பேர் வாங்கிய அந்த ரெஜிமென்ட்டைக் கலைக்கப் போவதாகச் செய்தி வந்ததும், அதை எதிர்க்கும் மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1971ல் பாலக்லாவா கம்பெனி என்ற ஒற்றைக் கம்பெனியாகச் சுருங்கியது, 1972ல் மறுபடி பட்டாலியன் ஆனது. எழுத்தில் இருந்த இணைப்பு நடக்காமல் போனதும் உண்டு: ராயல் ஸ்காட்ஸும் கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸும் சேர வேண்டும் என்ற திட்டம் 1993ல் கைவிடப்பட்டது. அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு, நடந்ததாக எழுதிவிடக் கூடாது.

2006ல் எல்லாம் மறைந்துவிட்டதாக எழுதுவது

2006 மார்ச் 28 அன்று மிச்சமிருந்த ஆறு ரெஜிமென்ட்களும் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற ஒரே ரெஜிமென்ட்டுக்குள் வந்தன. (இதை ராயல் ஸ்காட்ஸ் என்று சுருக்கி எழுதுவது இன்னொரு பிழை. அது 1633ல் பிறந்த பழைய ரெஜிமென்ட்.) 2004 டிசம்பரில் இந்த முடிவு அறிவிக்கப்பட்டபோது பிளாக் வாட்ச் ஈராக்கில் ஆட்களை இழந்து திரும்பியிருந்த நேரம். மக்களின் கோபம் அதனாலேயே அவ்வளவு கடுமையாக இருந்தது.

பழைய பெயர்கள் பட்டாலியன் பெயர்களாக உயிரோடு இருந்தன. பிளாக் வாட்ச் 3ஆவது பட்டாலியன். 1994ல் கார்டன் ஹைலேண்டர்ஸும் குயின்ஸ் ஓன் ஹைலேண்டர்ஸும் சேர்ந்து உருவான ஹைலேண்டர்ஸ் 4ஆவது. ஆர்கைல்ஸ் 5ஆவது. உண்மையில் இரண்டு பட்டாலியன் ஒன்றானது ஓரிடத்தில் மட்டும்: 1993ல் தப்பிய அதே ராயல் ஸ்காட்ஸும் பார்டரர்ஸும் 2006 ஆகஸ்ட் 1 அன்று 1ஆவது பட்டாலியனாகச் சேர்ந்தன. தொப்பிச் சின்னம் எல்லோருக்கும் ஒன்று. தொப்பியில் செருகும் இறகுக் குஞ்சத்தின் நிறம் வேறு: பிளாக் வாட்சுக்குச் சிவப்பு, ஹைலேண்டர்ஸுக்கு நீலம், ஆர்கைல்ஸுக்குப் பச்சை. படத்தில் பட்டாலியனை அடையாளம் காண இந்தக் குஞ்சத்தைப் பார்த்தால் போதும்.

அதன் பிறகும் மாற்றங்கள் நின்றுவிடவில்லை. 5ஆவது 2013ல் மறுபடி பாலக்லாவா கம்பெனியாகச் சுருங்கியது. 1ஆவது 2021 டிசம்பரில் புதிதாகத் தொடங்கிய ரேஞ்சர் ரெஜிமென்ட்டுக்குப் போய்விட்டது. ஆகவே "இப்போது" என்று எழுதினால் எந்த ஆண்டு என்றும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, புள்ளலூருக்கே திரும்பலாம். அங்கே தோற்ற 73, 1786ல் 71 ஆகி, 1881ல் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியாகி, 1959ல் ராயல் ஹைலேண்ட் ஃபியூசிலியர்ஸாகி, 2006ல் 2ஆவது பட்டாலியன் ஆனது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் புகுந்த 73, 1881ல் பிளாக் வாட்சுக்குத் திரும்பி, 2006ல் 3ஆவது பட்டாலியனோடு நிற்கிறது. நான் ஒன்றென்று நினைத்து எழுதிய இரண்டு 73களும் ஒரே ரெஜிமென்ட்டின் கீழ் வர 226 ஆண்டுகள் ஆயின.