நகர்மன்றக் கூட்டத்துக்கு வரும் பொருள்களை முன்கூட்டியே அறிவது எப்படி?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நகர்மன்றம் கூடி முடித்த மறுநாள், இன்னின்ன தீர்மானங்கள் நிறைவேறின என்று நாளிதழில் படித்த பிறகே பலர் மனு எழுத உட்காருகிறார்கள். கூட்டத்துக்கு முன்பே அஜெண்டாவை, அதாவது மன்றம் எடுத்துக்கொள்ளவிருக்கும் பொருள்களின் பட்டியலை, பார்த்துவிட்டால் அதே மனுவுக்குப் பயன் அதிகம்.

கூட்ட அறிவிப்பும் பொருள் பட்டியலும் உறுப்பினர்களுக்கு முன்னதாகவே அனுப்பப்படுவதால், உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்பதே நேர்வழி. அவர் வெளியூரில் இருந்தால் நகராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். மன்றக் கூட்டப் பணியைக் கவனிக்கும் எழுத்தரிடமும் விசாரிக்கலாம். ஓசூர் 2019-இல் மாநகராட்சியாகிவிட்டதால் அங்கே மேயர், மாமன்றம் என்று பெயர்கள் மாறும். கேட்கும் முறை ஒன்றுதான்.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பொருளின் கடைசி வரியை முதலில் படியுங்கள். 'மன்றத்தின் அனுமதிக்கு' என்றிருந்தால் முடிவு இனிமேல்தான் எடுக்கப்படும். உங்கள் முயற்சியை அங்கே செலவிடலாம். 'பின்னேற்பு' என்றிருந்தால் வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது, மன்றம் இப்போது ஒப்புதல் தருகிறது என்று பொருள். அதைத் தடுக்க முனைவதைவிடக் கணக்கைக் கேட்பது நல்லது. அடுத்து நிதித் தலைப்பைக் கவனியுங்கள். நகராட்சிப் பொது நிதி நாம் கட்டும் சொத்து வரி போன்ற வருவாயிலிருந்து வருவதால், எந்தத் தெருவுக்கு முதலிடம் என்பதில் மன்றம் கை வைக்க இடமுண்டு. நிதிக்குழு மானியம், அம்ருத் (நகரக் குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம்) போன்ற திட்டப் பணத்தை நினைத்த வேலைக்கெல்லாம் திருப்பிவிட முடியாது.

நம் பகுதியில் கூடுதல் கவனம் வேண்டியது குடிநீர்ப் பொருள்களுக்கு. இம்மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டது. ஆகவே, 'ஆழ்துளைக் கிணறு அமைத்து மோட்டார் பொருத்துதல்' என்று ஒரு பொருள் வந்தால், அந்தத் தண்ணீர் குடிக்கவா, புழங்கவா என்றும், குடிக்க என்றால் நீர்ப் பரிசோதனைக்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்கச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கப்படும். சாலைப் பொருளிலும் தண்ணீர் ஒளிந்திருக்கிறது: 'பல்வேறு தெருக்களில் கான்கிரீட் சாலை' என்ற பொத்தாம் பொதுவான தலைப்பைக் கண்டால் தெருப் பெயர்களைக் கேட்பதோடு, அங்கே குழாய் பதிப்பும் கால்வாய் வேலையும் முடிந்தனவா என்றும் கேட்க வேண்டும். புதுச்சாலையைப் போட்ட கையோடு தோண்டும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

நிதியாண்டு முடியும் தறுவாயில் சந்தைச் சுங்கம், கட்டணக் கழிப்பறை, இருசக்கர வாகன நிறுத்தம் ஆகியவற்றின் குத்தகைப் பொருள்கள் வரும். சென்ற ஆண்டுத் தொகையோடு ஒப்பிட்டாலே போதும்.

மனுவை ஒரு பக்கத்துக்குள் நிறுத்தி, பொருள் எண்ணையும் கூட்ட நாளையும் மேலேயே எழுதுங்கள். கவுன்சிலருக்கு ஒரு படி கொடுத்துவிட்டு, ஆணையாளர் அலுவலகத்தில் இன்னொன்றைக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உறுப்பினர் மன்றத்தில் எழுந்து பேசும்போது கையில் இருக்க வேண்டியது தெருப் பெயரும் ஒற்றைக் கேள்வியும்தான். பழைய குறைகளையெல்லாம் சேர்த்துக் கட்டிய மனு அங்கே படிக்கப்படுவதில்லை. கூட்ட நாளில் கூடுதல் பொருள்கள் சேர்க்கப்படுவதும் உண்டு என்பதால், அன்று காலை ஒருமுறை மீண்டும் விசாரிப்பது நலம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தர 30 நாள் அவகாசம் இருப்பதால், வரவிருக்கும் கூட்டத்துக்கு அது உதவாது. முடிந்த கூட்டத்தின் தீர்மான நகலுக்குப் பொருத்தமானது. மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் பார்வையிடலாமா, நடவடிக்கைக் குறிப்புகள் அவர்களுக்குக் கிடைக்குமா என்பதை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. நகல் கேட்கும் விண்ணப்பத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மான எண்ணையும் நாளையும் குறிப்பிடுங்கள். எண் இல்லாத விண்ணப்பத்துக்கு, 'விவரம் தெளிவாக இல்லை' என்ற பதில் வர வாய்ப்பு அதிகம்.