பனியன் பிரிண்ட்டுக்கு டிசைன் வரைந்து பிழைக்கத் தொடங்குவோருக்கு

சொந்தமாக வரைந்து சம்பாதிக்க நினைக்கும் கொங்குப் பிள்ளைகளுக்குத் திருப்பூர் பனியன் பிரிண்ட் நல்ல வாசல். 10, 12 டிசைன்களை ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். குழந்தைகள் உடுப்பு, ஆண்கள் டி-ஷர்ட் எனப் பிரித்து வைத்தால் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நின்று பார்ப்பார்.

வரையும்போதே ஸ்கிரீனை, அதாவது துணியில் மை இறக்கும் வலைச் சட்டத்தை, நினையுங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். எட்டு நிறம் அழகாயிருக்கும், விலை கட்டாது; நான்குக்குள் முடிப்பதே கெட்டிக்காரத்தனம். கறுப்புத் துணி என்றால் நிறங்களுக்கு அடியில் பூசும் அடிவெள்ளைக்கு இன்னொரு ஸ்கிரீன் கூடும். மயிரிழைக் கோடுகள் பின்னல் துணியில் உடைந்துபோகும். மார்புப் பிரிண்ட் 12 அங்குல அகலம் என்றால் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600 பிக்சல் வேண்டும். சின்னதாக வரைந்து பெரிதாக்கினால் விளிம்பு பிசிறடிக்கும்.

பணத்தில் கூச்சம் வேண்டாம். பாதி அட்வான்ஸ், இரண்டு திருத்தம் வரை இலவசம், அதற்குமேல் தனிக்கட்டணம் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். பாக்கி வரும்வரை வாட்டர்மார்க் போட்ட படம் போதும், நிறம் நிறமாக லேயர் பிரித்த ஃபைலைத் தராதீர்கள். "அடுத்த ஆர்டர்ல சேர்த்துப் பாத்துக்கலாங்க" என்ற பேச்சில்தான் கூலி நின்றுபோகிறது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.