இரண்டாம் முறை கிளிப் போடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நாளில் பல்லுக்குக் கிளிப் போட்டவர்கள் நாற்பதை ஒட்டி மறுபடி வருவது இப்போது சகஜம். "ரிடெய்னரை ஒழுங்காப் போடலை டாக்டர்" என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். கிளிப்பைக் கழற்றியபின் பல் பழைய இடத்துக்கு நகராமல் பிடித்துவைப்பதுதான் ரிடெய்னர். அதற்காக நான் திட்டப்போவதில்லை. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருக்கத்தான் செய்யும்.

பல் ஏன் நகர்ந்தது என்று பார்க்காமல் தொடங்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். ஒட்டியிருந்த மேல் முன்பற்களுக்கு நடுவே நடுவயதில் சந்து விழுந்தால், பல் முன்னே தள்ளி நீண்டு தெரிந்தால், முதலில் ஈறைச் சந்தேகப்பட வேண்டும். தாங்கும் எலும்பு கரைந்த பல், நாக்கும் உதடும் தரும் வழக்கமான அழுத்தத்துக்கே நகர்ந்துவிடும். படித்து முடித்த புதிதில் நாங்களும் வரிசையைத்தான் பார்த்தோம். இன்றைய புது டாக்டர்களும் அதையேதான் பார்க்கிறார்கள்.

சர்க்கரை உள்ள ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குள் பல் இடைவெளியை மூட வேண்டும் என்று வேறோர் இடத்தில் அலைனர் (பல்லை நகர்த்தக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) வாங்கி, பாதியில் வந்தார். அங்கே ஸ்கேன் எடுத்து, பல் அழகாக நகரும் வீடியோவும் காட்டியிருந்தார்கள். ஈறை யாரும் தொடவில்லை. ஈறின் ஆழம் அளக்க, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவியான புரோபை முன்பல் ஓரத்தில் மெதுவாக இறக்கினேன். 3-க்குள் நிற்க வேண்டியது 7 வரை போனது, கூடவே ரத்தம். விரல் பட்டாலே பல் ஆடியது. அழற்சி அடங்காத ஈறில் பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். அலைனரை நிறுத்தி, ஈறு சிகிச்சை நிபுணரிடம் அனுப்பி, வேர்வரை சுத்தம் செய்து, சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே மறுபடி தொட்டோம், அதுவும் மிக மெல்லிய விசையில். கல்யாண ஆல்பத்தில் சந்து அப்படியே இருக்கிறது. அலைனருக்குக் கட்டிய பணமும் போனது போனதுதான்.

ஈறு நோய் வந்தவருக்குக் கிளிப்பே கூடாது என்றில்லை. நோய் அடங்கியபின், எலும்பு குறைந்த பல்லையும் கவனமாக நகர்த்தலாம். எனவே பணம் கட்டுமுன், "ஈறு ஆழம் அளந்தீங்களா?" என்று கேளுங்கள். "ஒரு கிளீனிங் பண்ணிக்கலாம்" என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடுவது

பல் நகரும்போது சிலருக்கு வேர் நுனி தேயும். முதல் முறை எவ்வளவு தேய்ந்தது என்பதைப் பழைய ஓபிஜி (எல்லாப் பல்லும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே) காட்டிக்கொடுக்கும்.

மாத்திரையைச் சொல்லாமல் விடுவது

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஓர் ஊசியோ போடுபவர்கள், பல் டாக்டருக்கு இது எதற்கு என்று இருந்துவிடுகிறார்கள். அவை எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள். பல் நகர வேண்டுமானால் ஒரு பக்கம் எலும்பு கரைந்தாக வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஞானப்பல்லைக் குற்றம் சொல்வது

முன்பல் நேராகும் என்று நம்பி ஞானப்பல்லைப் பிடுங்காதீர்கள்.

அலைனரை டப்பாவில் வைத்திருப்பது

தினம் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். காபி, வடை, மீட்டிங் என்று கழற்றிக்கொண்டே இருந்தால் அடுத்த செட் பல்லில் உட்காராது.

உள்பக்கக் கம்பியை ஒட்டியதோடு மறப்பது

சிகிச்சை முடிந்தபின் பல் நகராமல் இருக்க உள்பக்கம் ஒட்டும் கம்பி ஒரே ஒரு பல்லில் விட்டுப்போனால் வலிக்காது, கண்ணாடியிலும் தெரியாது. அந்தப் பல் மட்டும் சத்தமில்லாமல் திரும்பிக்கொள்ளும். அவ்வப்போது நாக்கு நுனியால், கம்பியை ஒட்டிய பசைப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். ஒன்று ஆடினாலும் அந்த வாரமே போய் ஒட்டிக்கொள்ளுங்கள். இரவில் போட ஒரு ரிடெய்னரும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.