ஈரச் சாலையில் காலி பிக்கப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் வந்துவிட்டால் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இது வழக்கமான காட்சி: பின்புறம் சுழன்று, கால்வாயில் சரிந்து கிடக்கும் பிக்கப். ஓட்டியவர் பெரும்பாலும் லைசன்ஸ் எடுத்து அதிக காலம் ஆகாத தம்பியாக இருப்பார். வேகம், தேய்ந்த டயர், கைப்பேசி பற்றி எல்லாருக்கும் தெரியும். தவறு என்றே தெரியாமல் செய்பவற்றை மட்டும் பார்ப்போம்.

ஃபோர் வீல் போட்டால் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை

இன்ஜின் இழுப்பை நான்கு சக்கரத்துக்கும் தரும் ஃபோர் வீல், வண்டியைக் கிளப்பத்தான் உதவும். பிரேக் எப்போதுமே நான்கு சக்கரத்துக்கும்தான், அதில் எந்த மாற்றமும் இல்லை. செம்மண் சாலையில் போடுங்கள், தார் சாலை ஏறியதும் டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான ஹைலக்ஸ், டி-மேக்ஸ், நவாரா வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே சுழற்சியில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும். பிடிப்புள்ள தாரில் அதற்கு இடமில்லாமல் ஸ்டியரிங் இறுகும், இழுப்பை இரண்டு அச்சுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும்.

சுமைக்கு அடித்த காற்றோடு காலி வண்டியை ஓட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

காலையில் ஒரு டன் பழக்குலை ஏற்றுவதற்காகப் பின் டயர்களில் 300 கிலோபாஸ்கலுக்கு மேல் காற்று அடிக்கிறார்கள். அது சரிதான். பழத்தை எடை போட்டு இறக்கிவிட்டு மாலையில் அதே காற்றோடு திரும்புகிறார்கள். நம் ஊரில் இடிமழை கொட்டுவதும் அந்த நேரத்தில்தான்.

காலி பிக்கப்பின் எடையில் பாதிக்கு மேல் முன் அச்சில் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் பின்னால் இருப்பது சுமைக்காகச் செய்த முரட்டு இலைவில் (லீஃப் ஸ்பிரிங்). மேலே பாரம் இல்லாதபோது அது வளையாமல் குதிக்கும். டயரும் கல்லாக இருந்தால் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். ஆனால் டூ வீலில் இன்ஜின் இழுப்பு முழுவதும் அந்தப் பின் சக்கரங்களுக்குத்தான் போகிறது.

இந்த நிலையில் செம்மண் இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றி, கிளச்சைச் சட்டென்று விடுகிறார் நம் தம்பி. பின் சக்கரங்கள் மட்டும் திடீரென்று வேகம் குறைகின்றன. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. பின்புறம் விலகுகிறது, பயந்து பிரேக்கை மிதிக்கிறார், அடுத்தது கால்வாய்தான். தம்பி அங்கே வேகமாகப் போயிருக்கவே மாட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரும்பாலும் காலிக்கு ஓர் அளவு, முழுச் சுமைக்கு ஓர் அளவு இருக்கும். சுமை இறக்கியதும் காலி அளவுக்குக் குறையுங்கள். அந்த அளவு குளிர்ந்த டயருக்கானது. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், ஆகவே ஸ்டிக்கர் அளவைவிட 30 கிலோபாஸ்கல் கூடுதலாக விட்டுவையுங்கள். அடுத்த சுமை ஏற்றுமுன் மறக்காமல் திரும்ப அடியுங்கள். காற்றுக் குறைந்த டயர் சுமையில் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் சிறிய பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

கியரை இறக்கத்தின் உச்சியிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள். செம்மண் என்றால் அங்கேயே ஃபோர் வீலும் போடுங்கள், இன்ஜின் பிடிப்பு நான்கு சக்கரத்துக்கும் பிரியும். அப்படியும் பின்புறம் வழுக்கினால் பிரேக்கைத் தொடாதீர்கள். கிளச்சை மிதித்து, போக வேண்டிய திசைக்கு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.

மணல் மூட்டையைப் பின் ஓரத்தில் போடுவது

பின்னால் பாரம் வைப்பது நல்ல யோசனை. 25 கிலோ மூட்டை நான்கு போதும். ஆனால் டெயில்கேட் ஓரத்தில் வைத்தால் முன்புறம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ வைத்துக் கட்டுங்கள். பழம் ஏற்றும்போது இறக்கிவிடுங்கள், அதுவும் சுமைக் கணக்கில் சேரும்.

புது டயர் இரண்டை முன்னால் மாட்டுவது

பின்னால்தான் மாட்ட வேண்டும். முன்புறம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்புறம் வழுக்கினால் சுழலும். சட்டம் கேட்பது டயர்ப் பள்ளத்தில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம். ஈரத்தில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மாற்றுங்கள்.

பிரேக் பெடல் அதிர்ந்ததும் காலை எடுப்பது

எடுக்காதீர்கள். அதிர்கிறது என்றால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது.

ஓடும் தண்ணீரில் இறங்குவது

60 சென்டிமீட்டர் நீரோட்டம் பிக்கப்பையும் தள்ளிக்கொண்டு போகும். திரும்பிப் போங்கள்.

தோட்ட வாசலைக் கவனிக்காமல் விடுவது

செம்மண் சாலை தாரில் சேரும் இடம், மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையிலும் சரி, உள்சாலையிலும் சரி, மழையின் முதல் பத்து நிமிடத்தில் மிக மோசமாக இருக்கும். லோரிகள் இழுத்து வந்த சேறும், நசுங்கிய உதிரிப் பழத்தின் எண்ணெயும் அங்கே படிந்திருக்கும். உங்கள் டயர்ப் பள்ளங்களிலும் சேறு அடைத்திருக்கும். முதல் இருநூறு மீட்டரை மெதுவாக, நேராக ஓட்டுங்கள். சேறு தெறித்து விழுந்த பிறகு வளைவுக்குப் போங்கள்.