கிட்டார் பழகும் முதல் மாதம்: நான்கு கார்டுகள் போதும்

கிட்டார் வாங்கியவர்களில் பலர் இரண்டே மாதத்தில் அதை அலமாரி மேல் ஏற்றிவிடுகிறார்கள். விரல் வலிதான் காரணம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார்டு, அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடி, பிடிக்க வந்துவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கை போவதற்குள் பாட்டு நின்றுவிடும். அந்தத் தடுமாற்றம்தான் மனம் தளர வைக்கிறது. அதனால் விரல்கள் எந்த வரிசையில் குறைவாக நகருமோ அந்த வரிசையிலேயே கார்டுகளைச் சொல்கிறேன். வலது கையால் மீட்டுபவர்களை நினைத்து எழுதியது இது.

முதலில் சுருதி. மடியில் வைத்தால் தரைப் பக்கம் இருக்கும் மெல்லிய தந்தி 1, முகத்துப் பக்கம் இருக்கும் தடித்த தந்தி 6. ஆறிலிருந்து ஒன்று வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கைபேசியில் ஏதாவது ஓர் இலவச ட்யூனர் செயலியைப் போட்டு, ஒவ்வொரு தந்தியாக மீட்டி, ஊசி நடுவில் நிற்கும் வரை கழுத்தின் நுனியில் அந்தத் தந்திக்கு உரிய திருகை (ட்யூனிங் கீ) திருப்புங்கள். சுருதி ஏறிப்போனால் கொஞ்சம் அதிகமாகவே தளர்த்தி, பிறகு கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் நழுவாமல் நிற்கும். கீ திரும்புகிறது, சத்தம் மாறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். வேறொரு தந்தியின் கீயை முறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள், அது அறுந்துவிடும்.

கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரிந்த கட்டங்கள்தான் ஃப்ரெட்டுகள், ட்யூனிங் கீ இருக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரை ஸ்வரம். ஹார்மோனியத்தில் கறுப்பு வெள்ளை எதையும் விடாமல் அடுத்தடுத்த கட்டையை அழுத்துவது போலத்தான். வெறும் தந்தியை ச என்று வைத்துக்கொண்டால் 7வது ஃப்ரெட்டில் ப வரும், 12வதில் மேல் ச. பாட்டு வகுப்புக்குப் போனவர்கள் இதை ஒரு முறை வாயால் பாடிக்கொண்டே வாசித்துப் பார்த்தால் கிட்டாரின் கழுத்து அந்நியமாகத் தெரியாது.

சரி, இடது கை. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கட்டைவிரல் கழுத்தின் பின்பக்கம் இருக்கட்டும். விரல் நுனியால், ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்று முன்னால், ட்யூனிங் கீ இருக்கும் பக்கமாக அழுத்துங்கள். இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் அழுத்தினால் இரண்டு மடங்கு பலம் கொடுத்தது போல வலிக்கும், ஆனாலும் சத்தம் கரகரக்கும்.

ஈ மைனர்: நடுவிரல் 5வது தந்தி, 2வது ஃப்ரெட். மோதிரவிரல் 4வது தந்தி, அதே 2வது ஃப்ரெட். ஆறு தந்திகளையும் மேலிருந்து கீழே மீட்டலாம். அப்புறம் ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பாருங்கள். எது மந்தமாக ஒலிக்கிறதோ அதை ஏதோ ஒரு விரல் உரசிக்கொண்டிருக்கிறது.

ஈ மேஜர்: அந்த இரண்டு விரல்களை எடுக்காமல், ஆள்காட்டி விரலை 3வது தந்தி, முதல் ஃப்ரெட்டில் வையுங்கள். ஒரே ஒரு ஸ்வரம்தான் மாறியது, கார்டின் முகமே மலர்ந்துவிடுவதைக் கேட்கலாம்.

ஏ மைனர்: மூன்று விரல்களின் வடிவத்தையும் கலைக்காமல் அப்படியே ஒரு தந்தி தரைப் பக்கம் இறக்குங்கள். அவ்வளவுதான். 6வது தந்தியை விட்டுவிட்டு 5லிருந்து மீட்டுங்கள்.

சி மேஜர்: ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மோதிரவிரல் மட்டும் 5வது தந்தி, 3வது ஃப்ரெட்டுக்குப் போகிறது. இதையும் 5லிருந்தே மீட்ட வேண்டும். ஏ மைனரிலிருந்து சிக்குப் போகும்போது எல்லா விரலையும் தூக்கிவிட்டு மறுபடி வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நகராத விரலைத் தூக்கவே கூடாது. ஒரு நிமிடம் டைமர் வைத்து, ஏ மைனருக்கும் சிக்கும் எத்தனை முறை மாற முடிகிறது என்று தினமும் எண்ணி எழுதிவையுங்கள். முதல் நாள் எட்டு வந்தாலும் பரவாயில்லை.

வலது கைக்கு ஒரே விதி: நிற்கக் கூடாது. மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஏ மைனர், சி, ஏ மைனர், ஈ மேஜர் என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு முறை கீழ்நோக்கி மீட்டுங்கள். இடது கை இன்னும் போய்ச் சேரவில்லையா? வெறும் தந்தியாவது ஒலிக்கட்டும், தாளம் விடாதீர்கள். இது பழகிய பிறகு, இரண்டு அடிகளுக்கு நடுவே கை மேலே திரும்பும்போதும் தந்தியைத் தொடவிடுங்கள்.

தினமும் 15 நிமிடம் போதும். விரல் நுனி வலிப்பது சில வாரங்களில் தோல் தடித்ததும் குறையும். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட்டு, உட்காரும் விதத்தைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டை அழுத்தவே உயிர் போகிறது என்றால் தந்தி கழுத்திலிருந்து உயரமாக இருக்கலாம். என் முதல் கிட்டாரில் அதுதான் பிரச்சினை. பழுது பார்ப்பவர் அரை மணி நேரத்தில் இறக்கிக் கொடுத்தார், அன்று மாலையே சி மேஜர் தெளிவாக ஒலித்தது. வலிக்குப் பயந்தால் நைலான் தந்தி கிட்டார் வாங்கலாம். அதில் மட்டும் ஸ்டீல் தந்தி மாட்டிவிடாதீர்கள், அந்த இழுவிசையில் பிரிட்ஜ், அதாவது கிட்டாரின் உடலில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டை, பெயர்ந்துவரும்.

ஒரு நிமிடத்தில் முப்பது மாற்றங்கள் தடுமாறாமல் வந்ததும் ஜி மேஜருக்குப் போகலாம். அங்கே எல்லா விரல்களும் இடம் மாறும்.