பழைய ஸ்கூட்டரை வீட்டிலேயே புதுப்பித்தல்: பெயின்ட் கடைசியில்தான்

பழைய ஸ்கூட்டர் ஒன்று கைக்கு வந்தவுடன் பலரும் முதலில் யோசிப்பது எந்த நிறம் அடிக்கலாம் என்பதைத்தான். அங்கேதான் வேலை தடம் மாறுகிறது. பளபளக்கும் புதுப் பெயின்டின் மேல் துளை போடவும், வெல்டிங் வைக்கவும், ஸ்பேனரால் கீறவும் நேர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த விளக்கத்தில் பெயின்ட் ஏறக்குறைய கடைசியில்தான் வரும்.

முதலில் வண்டியின் கட்டமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 1946இல் வெளிவந்த வெஸ்பாவுக்குத் தனிச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது. அழுத்தி வளைத்த இரும்புத் தகட்டு உடலே சட்டத்தின் வேலையையும் செய்கிறது. 1947இல் வந்த லாம்ப்ரெட்டாவோ குழாய்ச் சட்டத்தின் மேல் தகடுகளைப் பொருத்திய வண்டி. இதனால் வெஸ்பாவின் தரைத்தகட்டில் துரு ஓட்டை விழுந்தால் அதை அழகுக் குறை என்று ஒதுக்க முடியாது. வண்டியின் முதுகெலும்பே பலவீனப்பட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

முதல் படி: பிரிப்பதற்கு முன் ஓட வையுங்கள்

வண்டி அழுக்காக இருக்கும்போதே எஞ்சினை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டால், எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். புது ஸ்பார்க் பிளக் மாட்டி, அதன் இடைவெளியை ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டராக வையுங்கள். பிளைவீலுக்குப் பின்னால், திறந்து மூடிப் பிளக்குக்குத் தீப்பொறி தரச் செய்யும் மின்தொடுப்பான பாயிண்டைத் துடைத்து, அது முழுதாகத் திறக்கும் நிலையில் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்குமாறு சரிசெய்யுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை அளந்து விடும் அதன் ஜெட் துளைகளைக் கம்பியால் குத்தாமல் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

எரிபொருள் விஷயத்தில் கவனம் வேண்டும். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களின் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் பெட்ரோலில் கலந்த ஆயில் மட்டுமே உயவு தருகிறது. பழைய வகைகள் பலவற்றுக்கு 5 சதவீதம், அதாவது லிட்டருக்கு 50 மில்லி ஆயில் தேவை. பிற்கால ரோட்டரி வால்வு (சுழலும் கிராங்கே கலவை நுழையும் வழியைத் திறந்து மூடும்) வெஸ்பாக்களுக்கு 2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 20 மில்லி போதும். உங்கள் வண்டிக்கு எது என்பதை அதன் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் காதையும் மூக்கையும் தீட்டிக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே வேகம் ஏறிக்கொண்டு போனால், எங்கோ காற்றுக் கசிவு இருக்கிறது. பெரும்பாலும் பிளைவீல் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்திருக்கும். சூடேறிய பிறகும் அடர்ந்த புகை நிற்காமல் வந்து, கியர் ஆயிலின் அளவும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்து சீல் வழியாகக் கியர் ஆயிலை எஞ்சின் குடிக்கிறது என்று பொருள். இரண்டும் விலை குறைந்த ரப்பர் வளையங்கள்தாம் என்றாலும், எஞ்சின் வெளியே இருக்கும்போது மாற்றாவிட்டால் பிறகு எல்லாவற்றையும் மறுபடியும் பிரிக்க வேண்டிவரும்.

இரண்டாம் படி: பிரித்தல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் புகைப்படம் எடுங்கள். நட்டு, போல்ட், வாஷர்களைப் பகுதிவாரியாகத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுதுங்கள். தேய்ந்த பழைய பாகங்களையும் புதியவை பொருந்தும்வரை எறியாதீர்கள். பழைய கேபிளின் உள்கம்பியை உருவும்போது அதன் முனையில் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி உருவினால், புதிய கம்பியை அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வெஸ்பா போன்ற வண்டிகளின் ரிம் இரண்டு பாதிகளால் ஆனது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்தப் பாதிகளை இணைக்கும் நட்டுகளைத் தளர்த்தினால் ரிம் வெடித்துச் சிதறும். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மூன்றாம் படி: துரு

உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது இதுதான். தரைத்தகட்டின் அடிப்பக்கத்தையும் அதன் குறுக்குச் சட்டங்களையும் திருப்புளி முனையால் தட்டிக் குத்திப் பாருங்கள். பெயின்ட் நன்றாகத் தெரியும் இடத்திலும் முனை உள்ளே இறங்கினால் அந்தத் தகடு போய்விட்டது. வெட்டுவதற்கு முன் கால்களை மறைக்கும் முன்பக்கக் கேடயத்தையும் இருக்கைப் பகுதியையும் இணைத்துத் தற்காலிக இரும்புக் கம்பி ஒன்றை வெல்டிங் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உடல் வளைந்து, பிறகு வண்டி நேராக ஓடாது. மெல்லிய தகட்டில் ஒரே கோடாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் நெளியும் என்பதால், இடம் மாற்றி மாற்றிப் புள்ளிகளாக வைப்பார்கள். பழகாதவர்கள் இந்த ஒரு வேலையைக் கைதேர்ந்தவரிடம் ஒப்படைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

பெட்ரோல் டேங்க்கின் உட்புறத் துருவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். ஒரு நாள் ஊறவைத்து, கொட்டி, சமையல் சோடா கலந்த நீரால் அலசி, உடனே உலர்த்தி, ஆயில் கலந்த பெட்ரோலால் உட்புறம் முழுவதையும் நனைத்துவிடுங்கள். காலி டேங்க்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும் என்பதால் அதன் அருகில் வெல்டிங்கோ தீப்பொறியோ கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்த்து, முகக்கவசமும் அணியுங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறித்த இடங்களை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அவை அழிந்தால் பதிவுச் சிக்கல் வரும்.

நான்காம் படி: பெயின்ட் இல்லாமல் ஒருமுறை பூட்டுதல்

பலரும் தாண்டிப் போகும் படி இது. நிறம் ஏறாத உடலில் எஞ்சின், ஹேண்டில், பக்கமூடிகள், இருக்கை, விளக்கு அனைத்தையும் பூட்டிப் பாருங்கள். பொருந்தாத துளையை அகலப்படுத்துவதும், புதிய கண்ணாடிக்கோ பின்பெட்டிக்கோ துளை இடுவதும் இப்போதே முடிய வேண்டும்.

வண்டியை உங்கள் விருப்பப்படி மாற்றுவதைத் தீர்மானிக்கும் நேரமும் இதுவே. திருப்பி மாற்ற முடிந்தவற்றையே செய்யுங்கள் என்பது என் கருத்து. இருக்கையையும் ஹேண்டில் பிடியையும் நாளை மாற்றிக்கொள்ளலாம், அறுத்த தகட்டை ஒட்ட முடியாது. 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றினால் பல்புகள், ஹார்ன், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். பெரிய சிலிண்டர் பொருத்துபவர்கள் கார்புரேட்டர் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: பெயின்ட்

வெற்று இரும்பைத் துடைத்த அன்றே எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். பள்ளங்களைப் பட்டியால் மெலிதாக நிரப்பி, அதன் மேல் கறுப்பு நிறத்தை லேசாகத் தூவி, 180, பிறகு 400 எண் தாளால் தேயுங்கள். கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. கடினமாக்கி கலக்கும் இரு கூறு பெயின்ட்கள் பலவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால், வெளியிலிருந்து காற்று தரும் கவசம் இல்லாமல் அவற்றை வீட்டில் தெளிக்கவே கூடாது.

ஆறாம் படி: இறுதிப் பூட்டல்

கேபிள்கள், பிரேக் ஷூக்கள், டயர், டியூப், ரப்பர் பாகங்கள் எல்லாம் புதியவையாக இருக்கட்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். பிறகு நல்ல ஓட்டத்துக்குப் பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் ஜெட் சிறியது அல்லது காற்றுக் கசிவு உண்டு. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம்.