எல்லைப் படை வேலை: ஓடுவதற்கு முன்பே தோற்க வைக்கும் தவறுகள்

எல்லைப் படையில் சேர வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் செய்வது, விடியற்காலையில் எழுந்து மைதானத்துக்கு ஓடுவது. நல்லதுதான். ஆனால் ஓட்டத்தில் தோற்றவர்கள் மட்டுமே வாய்ப்பை இழப்பதில்லை. சாதிச் சான்றிதழ் வேறு படிவத்தில் இருந்ததால், வலது கையில் பச்சை குத்தியிருந்ததால், பழைய வழக்கு ஒன்றை மறைத்ததால் வேலையைக் கோட்டைவிட்டவர்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் விண்ணப்பம் போடும் முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எந்தப் படை என்று தெரியாமலே விண்ணப்பிப்பது

ஒருவர் பார்டரில் வேலை பார்க்கிறார் என்றாலே ராணுவம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பாகிஸ்தான், வங்கதேச எல்லைகளைக் காப்பது எல்லைப் பாதுகாப்புப் படை, அதாவது பி.எஸ்.எஃப். 1965 பாகிஸ்தான் போருக்குப் பிறகு, அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி தொடங்கப்பட்ட படை அது. சீன எல்லையில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையான ஐ.டி.பி.பி., நேபாளம், பூட்டான் எல்லைகளில் சசஸ்த்ர சீமா பல் என்ற எஸ்.எஸ்.பி., மியான்மர் எல்லையில் அசாம் ரைபிள்ஸ். இவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அசாம் ரைபிள்ஸ் மட்டும் களத்தில் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இயங்கும். நான்கு ஆண்டுப் பணிக்கான ராணுவத்தின் அக்னிவீர் சேர்ப்பு வேறு, இது வேறு. தேர்வு வேறு, விதிகள் வேறு.

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கான வாசல், பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் கான்ஸ்டபிள் ஜி.டி., அதாவது பொதுப் பணிக் காவலர் தேர்வு. இதே தேர்வில்தான் உள்நாட்டுப் பாதுகாப்புக்கான சி.ஆர்.பி.எஃப்., விமான நிலையங்களையும் தொழிற்சாலைகளையும் காக்கும் சி.ஐ.எஸ்.எஃப். படைகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள். அதனால் எந்தப் படை முதலில், எது அடுத்து என்று விண்ணப்பத்திலேயே வரிசை கேட்பார்கள். பிரவுசிங் சென்டரில் அவசரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் சொன்ன வரிசையை அப்படியே போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. அப்புறம் மாற்ற முடியாது. விமான நிலையத்தில் பாதுகாப்புப் பணி வேண்டும் என்று நினைத்தவர் பாலைவனத்துக்குப் போவதும், எல்லைக்குப் போக ஆசைப்பட்டவர் தொழிற்சாலை வாசலில் நிற்பதும் இப்படித்தான்.

காகிதத்தில் கோட்டை விடுவது

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டு இளைஞர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநில அரசு வேலைக்கு உரியது. மத்திய அரசு வேலைக்கு ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்று விண்ணப்பித்தால், கிரீமிலேயரில், அதாவது அவர்களில் வசதியானவர்கள் பிரிவில், வரவில்லை என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழ், மத்திய அரசின் படிவத்தில் வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இதன் விளைவு எப்படிப் போகும் என்று பாருங்கள். பொதுவான வயது வரம்பு 18 முதல் 23. ஓ.பி.சி.க்கு மூன்று ஆண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து ஆண்டு தளர்வு. 25 வயதுக்காரர் ஒருவர் ஓ.பி.சி. என்று விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தையும் முடித்துவிடுகிறார். சான்றிதழ் சரிபார்ப்பில் நீட்டியதோ எம்.பி.சி. சான்றிதழ். அதை ஏற்காமல் பொதுப் பிரிவில் வைத்துப் பார்ப்பார்கள். பொதுப் பிரிவில் அவருக்கு வயது கடந்துவிட்டது. மதிப்பெண் எவ்வளவு இருந்தும் பயனில்லை. சான்றிதழை எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும், வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவார்கள் என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்து கைக்கு வருவதற்கு நாளாகலாம். தேர்வு முடிவு வந்த பிறகு ஓடினால் சிக்கல்தான்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் இருக்க வேண்டும்; ஆதாரைத் திருத்த வேண்டுமென்றால் அறிவிப்பு வரும் முன்பே திருத்துங்கள். பணியிடங்கள் மாநில வாரியாகப் பிரிக்கப்படுவதால், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்டும் இருப்பிடச் சான்றிதழும் கட்டாயம்.

விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் கிடையாது. உள்ளே ஆள் இருக்கிறது, லட்சத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுத்தால், பணமும் போகும், லஞ்சம் கொடுத்த குற்றமும் சேரும்.

எழுத்துத் தேர்வை இளப்பமாக நினைப்பது

ஓட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஓடி முடித்தால் அடுத்த கட்டம், அவ்வளவுதான். இறுதிப் பட்டியலில் இடம் தருவது கணினி வழித் தேர்வின் மதிப்பெண். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆறு மாதம் மைதானத்திலேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள்.

80 கேள்விகள், 160 மதிப்பெண், 60 நிமிடம். ஒரு கேள்விக்கு 45 விநாடி. 2024 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் நான்கு பகுதிகளில் ஒன்று ஆங்கிலம் அல்லது இந்தி. அதற்குத் தமிழ் கிடையாது. தமிழில் தேர்வு என்றதும் நிம்மதியாகி அந்த 40 மதிப்பெண்ணை மறந்துவிடுவது பெரிய இழப்பு.

தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்று பயிற்சி மையங்களில் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அண்மைத் தேர்வுகளில் தவறான விடைக்குக் கழிப்பது 0.25 மதிப்பெண். சுத்தமாகத் தெரியாத எட்டுக் கேள்விகளைக் குத்துமதிப்பாக அடித்தால், நான்கில் ஒன்று என்ற கணக்கில் இரண்டு சரியாகலாம்: 4 மதிப்பெண் வரும், ஆறு தவறுக்கு 1.5 போகும். மிச்சம் 2.5. கழிக்கும் அளவு இதற்கு முன் வேறாக இருந்ததுண்டு. அதனால் அறிவிப்பில் அந்த எண்ணை முதலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் 'சி' சான்றிதழ் இருந்தால் மொத்த மதிப்பெண்ணில் 5 சதவீதம், அதாவது 8 மதிப்பெண் கூடுதல். வீட்டில் பெட்டிக்குள் கிடந்தால் எடுத்து வையுங்கள்.

உடம்பை முன்பே சோதிக்காமல் போவது

ஆண்களுக்கு 5 கி.மீ., 24 நிமிடம். 400 மீட்டர் தடத்தில் இது பன்னிரண்டரைச் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 55 விநாடி. கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடிப்பவர் ஏழாவது சுற்றில் நடக்க ஆரம்பிப்பார். கடிகாரத்தைப் பார்த்து ஒரே வேகத்தில் ஓடிப் பழகுங்கள். பெண்களுக்கு 1.6 கி.மீ., எட்டரை நிமிடம்.

உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 157; பழங்குடியினருக்கு 162.5, 150. ஆண்கள் மார்பை 5 செ.மீ. விரித்துக் காட்ட வேண்டும். இவற்றைச் செருப்பில்லாமல் சுவரோடு நின்று இன்றைக்கே அளந்துவிடலாம்.

கண்தான் பலரைக் கவிழ்க்கும். கண்ணாடி இல்லாமலே பார்வை சரியாக இருக்க வேண்டும்; லேசர் அறுவை செய்துகொண்டு போனாலும் ஏற்க மாட்டார்கள். நிறக்குருடு தனக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டையை ஒரு கண் மருத்துவரிடம் முதலிலேயே பார்த்துவிட்டால், இரண்டு வருட உழைப்பு வீணாகாது. பச்சை குத்தியிருப்பது, சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்தில் சிறியதாக இருந்தால் பிரச்சினையில்லை. காதில் மெழுகு அடைத்திருந்தால்கூட முதல் சோதனையில் தகுதியில்லை என்று எழுதலாம். மறு பரிசோதனை கேட்க வழி உண்டு, ஆனால் அந்த அலைச்சல் எதற்கு?

வழக்கை மறைப்பது

கல்லூரிச் சண்டையில் பதிவான சின்ன வழக்கு, விடுதலையும் ஆகிவிட்டது, எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றும். எழுதிவிடுங்கள். கேட்ட தகவலை மறைத்தால் நியமனத்தையே ரத்து செய்யலாம். உண்மையைச் சொன்ன சிறு வழக்கை அதிகாரிகள் அதன் தன்மையைப் பார்த்து மன்னிக்கவும் இடமுண்டு. 2016-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

வேலை என்னவென்றே தெரியாமல் சேர்வது

பஞ்சாபின் அட்டாரி எல்லையில் நடக்கும் கொடியிறக்க வீடியோவைப் பார்த்து வேலையை முடிவு செய்யாதீர்கள். பஞ்சாபில் எல்லை வேலிக்கு அப்பாலும் இந்திய விவசாயிகளின் நிலம் இருக்கிறது. குறித்த நேரத்தில் வேலிக் கதவைத் திறந்து, அடையாள அட்டையைப் பார்த்து, டிராக்டரைச் சோதித்து உள்ளே விட வேண்டும். மாலையில் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்களா என்று எண்ண வேண்டும். இரவில் டிரோன் போட்டுப் போகும் ஹெராயின் பொட்டலத்தை வயலில் தேட வேண்டும். வங்கதேசப் பக்கம் 4,096 கி.மீ. எல்லையில் ஆறும் சேறும். அங்கே மாடு, இருமல் மருந்து, தங்கம் என்று கடத்தல் வேறு மாதிரி.

போலீஸ் மாதிரி வழக்கு நடத்தலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பஞ்சாப், மேற்கு வங்கம், அசாமில் எல்லையில் இருந்து 50 கி.மீ. வரை சோதிக்கவும் பறிமுதல் செய்யவும் கைது செய்யவும் பி.எஸ்.எஃப்.புக்கு அதிகாரம் உண்டு. 2021-க்கு முன் இது 15 கி.மீ. ஆனால் பிடித்தவரைப் போலீஸிடமோ உரிய துறையிடமோ ஒப்படைக்க வேண்டும். குற்றப்பத்திரிகை போடுவது அவர்கள் வேலை. துப்பறியும் ஆசை இருந்தால் மாநிலக் காவல்துறைத் தேர்வு உங்களுக்குப் பொருத்தம்.

அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. முகாமில் பேச்சும் உத்தரவும் இந்தியில்தான். பயிற்சிக்குப் போகும் முன் எண்களும் திசைகளும் அன்றாட வினைச்சொற்களும் காதுக்குப் பழகியிருந்தால், முதல் மாதங்களில் தவறாகப் புரிந்துகொண்டு வாங்கும் தண்டனை ஓட்டங்களாவது குறையும். அப்புறம், கன்னியாகுமரிக்காரர் ஜம்முவில் இருந்து விடுமுறைக்கு ரயிலில் வந்தால் போக வர ஆறு நாள் வண்டியிலேயே போய்விடும் என்பதை வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.